ஸ்மார்ட் போர்டைப் பிள்ளைகளுக்கு எட்டும்படி இறக்கிப் பொருத்தவும், டேப் (கையடக்கக் கணினி) கருவிகள் வழங்கவும் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் மகள் இந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நானும் இதே பள்ளியில் படித்தவள்தான். 2007-இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது எனக்கு மூன்றாம் வகுப்பு. பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து எனக்குரிய அட்டையை நானே எடுப்பேன். சுவரின் கீழ்ப்பக்கம் அடித்திருந்த கரும்பலகையில் தரையில் உட்கார்ந்தபடியே எழுதுவேன். டீச்சர் பக்கத்தில் வந்து உட்காருவார்.

இப்போது அதே அறையில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. அரசுக்கு எங்கள் நன்றி. ஆனால் பெரியவர்கள் நின்று எழுதும் உயரத்தில் அதை மாட்டியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எம்பினாலும் எட்டாது. தொட்டால் வேலை செய்யும் பலகையைப் பிள்ளைகள் தொடவே முடியாமல், டிவி போல உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்று நிலைவாரியாக உட்கார வைக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் டீச்சர் அரும்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்து அறிமுகம் செய்யும் நேரத்தில் மலர்ப் பிள்ளைகள் பயிற்சி நூலை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அரசு கொடுத்த டேப் டீச்சர்களிடம் உண்டு. வருகைப் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும் அது வேண்டியிருப்பதால் பிள்ளைகள் கைக்கு வருவதில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத சிறுமி. டீச்சர் தன் சொந்தப் போனில் அவளைத் தனியாக வாசிக்க வைத்துப் பதிவு செய்து, அவளிடமே போட்டுக் காட்டினார். 'பழம்' என்ற சொல்லைத் தான் 'பளம்' என்று வாசித்ததை அவளே கேட்டுப் பிடித்தாள். நான்காவது பதிவில் ழகரம் சரியாக வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பாவையும் திருத்தியிருக்கிறாள்! இந்த வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

எனவே ஸ்மார்ட் போர்டைப் பிள்ளைகள் தொடும் உயரத்துக்கு இறக்கிப் பொருத்த உத்தரவிட வேண்டுகிறோம். இதற்குப் பெரிய செலவு ஆகாது. மொட்டு, மலர் குழுக்களுக்கென ஆறு டேப்களும் ஹெட்போன்களும் தர வேண்டும். எங்கள் ஊரில் மழை பெய்தால் நெட்வொர்க் போய்விடும். பாடநூலின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாலும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கதைகள், கணக்கு விளையாட்டுகள் எல்லாம் இணையம் இல்லாமலே ஓடும்படி முன்கூட்டியே ஏற்றித் தர வேண்டும். ஒரு குழு டேப்பில் வேலை செய்யும்போது இன்னொரு குழுவை எப்படி நடத்துவது என்று எங்கள் வகுப்பறைக்கே வந்து யாராவது ஒருநாள் டீச்சர்களுக்குச் செய்து காட்டினால் பெரிய உதவி.

கருவிகளைப் பூட்டிப் பாதுகாக்கும் பீரோவைப் பெற்றோர்கள் வாங்கித் தருகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலை இணைத்துள்ளேன். தாங்கள் ஒருநாள் பள்ளிக்கு நேரில் வந்து பார்த்து, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு

இணைப்பு: தீர்மான நகல்