முதல் மாத்திரைக்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மருத்துவப் பகுதியில், சிறுநீர் எரிச்சல் வந்தால் மருந்துக் கடையில் நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டுப் பாருங்கள், அடங்காவிட்டால் டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன். அச்சுக்குப் போகும் முன் அதைக் கல்ச்சர் தட்டு, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டு, பார்க்கிற ஒருவரிடமாவது காட்டியிருக்கக் கூடாதா?

அதில் வரிசையே தலைகீழ். ஒரு வேளை மாத்திரை போட்டாலே மருந்து சிறுநீரில் இறங்கிவிடும். கிருமி முழுதும் சாகாமல் அடங்கிக் கிடக்கும், தட்டில் மட்டும் வளராது. ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும், காய்ச்சல் நிற்காது. அப்புறம் மருத்துவர் எதைப் பார்த்து அடுத்த மருந்தை எழுதுவார்?

மாத்திரையும் தவறான மாத்திரை. இந்தத் தொற்றில் பெரும்பாலும் வருவது ஈ.கோலை என்ற பாக்டீரியா. நம் நாட்டு ஆய்வகங்களில் அதில் பெரும்பகுதி நார்ஃப்ளாக்சசினுக்கும் அதன் உறவான சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் மசிவதில்லை. ஒன்று கேட்காவிட்டால் மற்றதும் அநேகமாகக் கேட்காது. நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்போமைசின் என்ற மருந்துகள் இன்னும் வேலை செய்கின்றன. ஆனால் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது, குளிர்காய்ச்சலும் விலா வலியும் இருந்தால் உதவாது. சிறுநீரகக் கல் உண்டாக்கும் புரோட்டியஸ் என்ற கிருமிக்கு அது இயல்பிலேயே கேட்காது. கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமா இது? நார்ஃப்ளாக்சசினைச் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. செஃபிக்சிம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் 2014 மார்ச் முதல், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியலில் இருக்கிறது, விற்றால் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இப்படி இருக்க, பத்திரிகையே கடைக்குப் போகச் சொல்கிறது.

நியாயமும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் இல்லாத, வேறு நோய் இல்லாத பெண்ணுக்கு முதல் முறை வரும் எரிச்சலுக்குக் கல்ச்சர் இல்லாமலே மருத்துவர் மருந்து எழுதலாம். கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, ஆண், குழந்தை, சிறுநீர் டியூப் போட்டவர், திரும்பத் திரும்ப வருகிறவர் ஆகியோருக்கு அது பொருந்தாது. இந்த வேறுபாட்டுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு சொல் கூட இல்லை.

மனத்தாங்கல் இது மட்டுமல்ல. முன்பு ஒரு முறை ஈ.கோலையை ‘வைரஸ்’ என்று அச்சிட்டீர்கள், எழுதியும் திருத்தம் வரவில்லை. வெயில் கால இதழ்களில் வருடா வருடம் பார்லித் தண்ணீரை மருந்தாகவே போடுகிறீர்கள். காலையில் கொடுத்தால் மாலையில் கல்ச்சர் ரிப்போர்ட் என்ற விளம்பரமும் உங்கள் பக்கத்தில்தான் வந்தது. கிருமி தட்டில் வளர ஓர் இரவு வேண்டும். பிறகு அதைக் கரைத்து, கலங்கலை அளவு பார்த்து, புதுத் தட்டில் பூசி, மருந்து வில்லைகளை வைத்து 35 டிகிரியில் இன்னும் 16 முதல் 18 மணி நேரம் காத்திருந்தால்தான் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க முடியும். கலங்கல் அதிகமானாலோ, தட்டில் ஊற்றிய அகார் கூழ் 4 மில்லிமீட்டரைவிடத் தடித்தாலோ வட்டம் சுருங்கும், கேட்கிற மருந்தும் கேட்காததாகத் தெரியும்.

ஆனால் அதிகம் கெடுவது ஆய்வகத்துக்கு வெளியேதான். ஆலங்குளத்திலும் முக்கூடலிலும் மடியில் சொளவை வைத்து நாள் முழுக்க பீடி சுற்றுகிற பெண்கள், எழ வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை, சிறுநீரையும் அடக்குகிறார்கள். தொற்று வந்தால் கழுவிய டானிக் பாட்டிலில் பிடித்து, பஸ் ஏறி, வெயிலில் பாளையங்கோட்டை வந்து சேர்கிறார்கள். ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமி இருந்தால் தொற்று என்பதுதான் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் கணக்கு. ஈ.கோலைக்குச் சாதகமான சூட்டில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். ஆயிரமாக இருந்தது இரண்டரை மணி நேரத்தில் லட்சத்தைத் தாண்டிவிடும். மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வளர்ந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கலப்பு, திரும்ப எடுக்கத்தான் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இன்னொரு நாள் கூலி போச்சு.

கேட்பது சின்னது. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி இதைப் போடுங்கள்: மாத்திரைக்கு முன், முடிந்தால் காலை முதல் சிறுநீர். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய டப்பா மட்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாகத் தண்ணீரில் கழுவ வேண்டும், டெட்டால் கூடாது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை 10, 20 மில்லி பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது. பிடித்த நேரத்தை டப்பாவில் எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். முடியாதென்றால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைக்கலாம், அதுவும் 24 மணி நேரத்துக்குள். ஃப்ரீசரில் கூடாது.

‘வைரஸ்’ திருத்தமும் அதன் கீழே ஒரு வரியில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் (ஓய்வு),
பாளையங்கோட்டை