மகுடம் சூடிய கருவாடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ வேலையைப் பார்த்துக்கொண்டே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இத்தனை வருடமாக நார்வேயில் பெர்கனில் இருந்துகொண்டு, பிரிக்கன் துறைமுகத் தெருவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி என்றாயே, உன் ஊரைப் பற்றி நானே உனக்குச் சொல்கிறேன்.

எல்லாரும் அந்தச் சிவப்பு, மஞ்சள் மரவீடுகளின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் அங்கே வந்திருந்தபோது மாப்பிள்ளை எங்களைச் சந்துக்குள் கூட்டிப்போனார். தரையெல்லாம் பலகை. இரண்டு பக்கமும் சுவர்கள் சாய்ந்து நிற்கின்றன. மேல்மாடியில் மூட்டை ஏற்றிய கப்பியைப் பார்த்ததுமே இது வீடல்ல, கிட்டங்கி என்று தெரிந்துவிட்டது. 1702இல் தீப்பிடித்து எரிந்ததைப் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே, பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சுமார் 1360இலிருந்து 1754 வரை இங்கே வியாபாரம் நடத்தியவர்கள் ஹான்சா என்ற வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள். தீக்குப் பயந்து சரக்கறைப் பக்கம் அடுப்பு மூட்டவே விடவில்லை. சமையலும் குளிர்காய்வதும் பின்னால் தனிக் கட்டடத்தில். கல்யாணம் செய்துகொள்ளவும் தடை. அதைக் கேட்டதும் உன் அம்மா, "அதனால்தான் கணக்கு ஒழுங்காக இருந்திருக்கிறது" என்றாள்.

இவ்வளவும் எதற்காக? கருவாட்டுக்காக. அந்த வணிகர்களின் சின்னத்தில் ஒரு பாதி கழுகு, மறுபாதி தலையில் மகுடம் வைத்த கருவாடு. உன் கல்யாணப் பத்திரிகையில் நம் கருவாட்டுக் கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னவள் நீ. அந்தச் சின்னத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா.

அவர்கள் தோர்ஃபிஸ்க் என்று சொல்கிற அந்தச் சரக்கில் உப்பே கிடையாது. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நாம் நெத்திலி மாதிரிப் பொடிமீனைத்தான் உப்பில்லாமல் காயவைப்போம். பெரிய மீனை உப்புப் போடாமல் நம் வெயிலில் வைத்தால் மறுநாளே புழு வைத்துவிடும். அங்கே வடக்கே லோஃபோட்டன் தீவுகளில், குளிர்காலத்தில் பிடித்த காட் மீனின் தலையை நீக்கி, வாலோடு வால் கட்டி ஜோடி ஜோடியாகக் கம்புகளில் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை காற்றே வேலையைச் செய்கிறது. குளிர் உறைநிலையை ஒட்டியே நிற்பதால் மீன் இறுகி உறைவதும் இல்லை, அழுகுவதும் இல்லை. ஈ வருகிற காலம் வருமுன் மீன் காய்ந்துவிடுகிறது. கடையில் ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டினேன், விறகுக்கட்டைச் சத்தம். முள்ளை ஒட்டிய இடத்தை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தேன். ஈரவாடை துளியும் இல்லை. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், மாப்பிள்ளை ஏதோ சொல்லிச் சமாளித்தார். நல்ல தரம் இன்றும் இத்தாலிக்குப் போகிறதாம், தலைகள் நைஜீரியாவுக்கு.

வடக்கத்தி மீனவர்கள் இந்தக் கருவாட்டைப் படகில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், திரும்பும்போது தானியத்தோடு போவார்கள். அங்கே தானியம் சரியாக விளையாது. வணிகர்கள் தானியத்தைக் கடனாகக் கொடுத்து, அடுத்த பருவத்து மீனை இப்போதே எழுதிக்கொள்வார்கள். கணக்கு ஒருநாளும் நேராகாது. மாப்பிள்ளை இதைக் கொடுமை என்றார். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பணம் கொடுத்த படகு கரை சேருமா என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்தவனுக்கு அந்த வணிகனின் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

பிரிக்கன் அருங்காட்சியகத்தை மட்டும் தவறவிடாதே. 1955இல் மறுபடி ஒரு தீ, அதன் பிறகு தோண்டியபோது ரூன் என்ற அந்தப் பக்கத்துப் பழங்கால எழுத்து செதுக்கிய மரக்குச்சிகளும் பிறவுமாக அறுநூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பல குச்சிகள் இன்னார் சரக்கு என்று மூட்டையில் கட்டிவிட்ட அடையாளச் சீட்டுகள். ஒன்று தோரிர் என்ற வியாபாரி தன் கூட்டாளி ஹாவ்கிரிமுக்கு எழுதியது: பியரும் கிடைக்கவில்லை, மீனும் கிடைக்கவில்லை, என்னை நெருக்காதே என்கிற பொருளில். இந்தக் கடிதத்தை என் வாழ்க்கையில் எத்தனை பேரிடமிருந்து வாங்கியிருக்கிறேன்! இன்னொன்றில், கீடா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்று இருக்கிறது. மறுபக்கத்தில் யாரோ பதில் எழுத முயன்றிருக்கிறார், படிக்க முடியவில்லை. போதையில் கிறுக்கியிருப்பார் என்பது உன் அம்மாவின் தீர்ப்பு.

மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை கொடுத்த குடை இரண்டாகிவிட்டது, அதை அவரிடம் சொல்லிவிடு.

ஒரு வேலை. லோஃபோட்டனில் கருவாட்டைத் தரம் பிரிப்பவர்கள் கையால் தொட்டு, கண்ணால் பார்த்தே பிரிக்கிறார்களாம். எந்தெந்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் என்ன அடையாளம் என்று விசாரித்து எழுது. விலையையும் கேள். அம்மா இட்லிப்பொடியும் வடகமும் பார்சல் போட்டிருக்கிறாள். அதில் நெத்திலி இல்லை, பயப்படாதே.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி