ஜன்னலில் ஒரு மணி, போனில் ஒரு மணி

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் ஒரு ஞாயிறுகூட ஆராதனை தவறவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் கோயில் பூட்டிக் கிடந்தபோது நம் யூடியூப் நேரலை ஆரம்பித்தது. செப்டம்பரில் எல்லாக் கோயில்களும் திறந்ததும், "இனி இது எதுக்கு? ஆட்களைக் கட்டிலில் சாய்ந்து பார்க்கப் பழக்கவா?" என்று கமிட்டியில் சத்தம் போட்டவன் நான். பெஞ்சு காலியாகிவிடும் என்ற பயம். அது இன்னும் முழுசாகப் போகவில்லை, சரி. ஆனால் என் பேச்சைக் கேட்காமல் நேரலையைத் தொடர்ந்த வாலிபர் சங்கத் தம்பிமாருக்கு முதல் நன்றி. மைக் செட்டிலிருந்து போனுக்கு ஒயர் இழுத்தீர்களே, அதற்கு அப்புறம்தான் பிரசங்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது நின்றது.

எங்கள் வீடு கோயிலுக்கு நாலு வீடு தள்ளி. அதனால் ஒரு வேடிக்கை. மணி முதலில் ஜன்னல் வழியாகக் கேட்கும், அரை நிமிஷம் கழித்துப் போனில் அடிக்கும். ஜன்னலில் பாமாலை இரண்டாம் சரணத்துக்குப் போயிருக்கும், போன் முதல் சரணத்திலேயே நிற்கும். ஜன்னலைச் சாத்தப் போனேன். "ஏல, போனை வேணா அமத்து. ஜன்னலத் தொறந்து வை" என்று சொல்லிவிட்டாள் அம்மா. பாட்டுக்கு ஜன்னல், பிரசங்கத்துக்குப் போன். ஜெபம் என்றால் போன் முன்னாலும் முக்காடு உண்டு.

காணிக்கைக்கு கியூஆர் அட்டையைக் காட்டினேன். அம்மாவுக்கு அது காணிக்கையாகவே படவில்லை. தலையணைக்கடியில் மடித்து வைத்த இருபது ரூபாயையும் கைப்பிடி அரிசியையும் வாரந்தோறும் வந்து வாங்கிப்போகும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றி.

திருவிருந்து போனில் வராது. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நம் சேகரத்தில் இத்தனை சபைகளை முடித்துவிட்டு, மத்தியான வெயிலில் பைக்கில் வந்து, கட்டிலருகே நின்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் குருவானவர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது! புதன்கிழமை தோறும் வரும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும் நன்றி. ஜெபம் கால் மணி, ஊர்க்கதை ஒரு மணி. அம்மா எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

சபையார் கூடி விருந்துண்ணும் அசனத்தன்று நாலு தம்பிமார் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப்போய்ப் பழைய இடத்தில் உட்காரவைத்தீர்கள். பிரசங்கம் போனில்தான் தெளிவாகக் கேட்கிறதாம், கோயிலில் காத்தாடிச் சத்தமாம். ஆனாலும் அன்றைக்கு அம்மாவுக்கு வீட்டுக்கு வர மனசே இல்லை.

வாசலில் சாய்தளம் போடும் பேச்சு கமிட்டியில் இன்னும் ஓடுகிறது. அம்மா பிறந்தது இடையன்குடி. கால்டுவெல் ஐயர் 1847-ல் ஆரம்பித்த அந்த ஊர்க் கோயில் 1880-ல்தான் பிரதிஷ்டையானது. அதனால் நம் தாமதம் அம்மாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. அது முடியும்வரை, தம்பிமாரே, நாற்காலியைத் திண்ணையிலேயே போட்டிருக்கிறேன்.

உங்கள் சகோதரன்,
கோயில் தெரு