சுவருக்குச் சீமெந்து வேண்டாம்

ஆசிரியருக்கு,

மன்னாரில் விடத்தல்தீவுக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவன் நான். நாற்பது வருட மேசன். எங்கள் பழைய கோவிலைத் திருத்த ஊரே கைகொடுக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் ஒருநாள் உழைப்பைத் தருகிறார்கள். சைவக்காரர் இருவர் உழவு இயந்திரத்தில் மணல் பறித்துவிட்டு, தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

பயம் ஒன்றுதான். சுவர் முழுக்கச் சீமெந்து பூசப் போகிறார்களாம். அது முருகைக்கல்லும் (கடலில் எடுக்கும் பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து உள்ளே அடைத்து வைக்கும். உப்பு பூத்து, சில மாரிகளில் பூச்சு கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். வேறொரு வீட்டில் நானே பூசிக் கெடுத்தவன், அதனால் சொல்கிறேன். சிப்பியைச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, சலித்த மணலோடு குழைத்துப் பூசலாம். நாள் எடுக்கும், சரி.

2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, மடுக் கோவிலில் இருந்த மடுமாதா சொரூபத்தை எங்கள் பக்கத்துத் தேவன்பிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் இந்தச் சுவரில் சாய்ந்துதான் செபமாலை சொன்னோம். பிறகு நாங்களும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது கூரை இல்லை, சுவர் நின்றது.

சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த பழைய ஆட்கள் இருந்தால் கோவிலடிக்கு வாருங்கள். எனக்குக் கூலி வேண்டாம்.

ஒரு மேசன்,
மாந்தை மேற்கு