அம்பாசடரில் பொறி வராதபோது

அன்பு மகள் கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழைக்காலம் முழுவதும் ஷெட்டிலேயே நின்ற தாத்தாவின் அம்பாசடர், செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை, பிளக்கில் பொறியே இல்லை என்று எழுதியிருக்கிறாய். காயில்தான் (பேட்டரி கரண்டைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் சுருள்) போய்விட்டது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார் என்பதற்காக உடனே புதுக் காயில் வாங்கிவிடாதே. நின்று போன வண்டியில் காயில் கெடுவதைவிட பாயிண்டில், அதாவது காயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் சின்னத் தொடுமுனைகளில், பாசி போல் களிம்பு படிவதுதான் அதிகம்.

அந்த 1489 சிசி எஞ்சினில் பாயிண்ட் மூடியிருக்கும் வரை காயிலின் முதல் சுற்றில் கரண்ட் ஓடும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேம் (மேடுகளுள்ள சுழலும் தண்டு) பாயிண்டைத் திறக்கும்போது அது அறுபட்டு, இரண்டாவது சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப், அதனுள் சுழலும் ரோட்டார் வழியாக 1-3-4-2 என்ற சிலிண்டர் வரிசையில் பிளக்குகளுக்குப் போகும்.

முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, பெட்ரோல் வாடை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள். காயிலிலிருந்து வரும் தடித்த வயரைக் கேப்பின் நடுவிலிருந்து உருவி, ரப்பர் பிடியுள்ள கட்டிங் பிளேயரால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் இரும்புக்கு 6 மில்லிமீட்டர் தூரத்தில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைச் செல்ஃப் அடிக்கச் சொல். நீலப் பொறி பளிச்சென்று பாய்ந்தால் காயிலும் பாயிண்டும் நன்றாக இருக்கின்றன. கேப்பில் ஈரமோ விரிசலோ, ரோட்டாரில் கசிவோ இருக்கிறதா என்று தேடு.

பாயவில்லையென்றால் 12 வோல்ட் டெஸ்ட் லாம்பை எடுத்து, அதன் ஒரு வயரை எஞ்சின் இரும்பில் மாட்டு. சுவிட்சைப் போட்டு, காயிலுக்குச் சுவிட்சிலிருந்து வரும் முனையில் விளக்கு எரிகிறதா என்று பார். எரியாவிட்டால் குறை காயிலுக்கு முன்னாலேயே இருக்கிறது. அங்கே எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடித்துப் பார். விட்டுவிட்டு மினுங்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது. அப்போது பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி தட்டாமல் காக்கும் கண்டன்சரையும் காயிலின் இரண்டாவது சுற்றையும் சந்தேகப்படலாம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடினாலும் கரண்ட் கடக்கவில்லை, அதாவது களிம்பு, அல்லது உள்ளே இருக்கும் சின்ன வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால், அந்த முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வயரை மட்டும் கழற்று. இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது, அதாவது கரண்ட் நேரே வண்டியின் இரும்புக்குப் போய்விடுகிறது; அப்போதும் எரியாவிட்டால்தான் மெக்கானிக் சொன்ன காயில். பாயிண்ட் மாட்டும் இடத்திலுள்ள இன்சுலேஷன் வாஷரை முறை மாற்றிப் போட்டாலும் இப்படித்தான் எர்த் ஆகும். புதுப் பாயிண்ட் போட்ட வண்டிகளில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

களிம்பு என்றால் நைசான உப்புத்தாளை மடித்து இரண்டு முகங்களுக்கும் நடுவில் இழுத்துவிட்டு, பெட்ரோலில் நனைத்த அட்டைத்துண்டால் துடைத்து எடு. தூள் தங்கினால் மறுபடியும் அதே தொல்லை. பிறகு கேமின் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்படி எஞ்சினைச் சுற்றி நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வை. கண்டன்சரை மாற்ற நேர்ந்தால் பழையதைத் தூக்கி எறியாதே. இன்று கடையில் கிடைக்கும் புதியவற்றில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

ஒவ்வொரு சோதனை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடு. பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நிற்கும்போது சுவிட்ச் போட்டபடியே இருந்தால் நல்ல காயிலும் சூடேறிக் கெட்டுவிடும். விளக்கு எந்த முனையில் எரிந்தது, எதில் எரியவில்லை என்று குறித்து அனுப்பு. என்ன வாங்குவது என்று அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
அப்பா