பாஸ் பர்சன்டேஜ் கேக்குறதுக்கு முன்னாடி கிளாஸ்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க

டெல்டா மாவட்டங்கள்ல இருக்குற கல்வி அதிகாரி அய்யா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். என் பொண்ணு அங்கதான் ஒன்பதாவது படிக்குது. ஊர் பேரு போடல, போட்டா அங்க வேல பாக்குற டீச்சருங்களுக்குத்தான் தொல்லை.

2025-ல எங்க ஸ்கூல்ல பத்தாவது எழுதுனது 32 பேரு. 30 பேரு பாஸ், ரெண்டு பேருக்கு கணக்கு போயிடுச்சு. வகுத்துப் பாத்தா 93.75. அந்த வருஷம் மாநில சராசரி 93.80. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா ரிவ்யூ மீட்டிங்ல நாங்க சராசரிக்குக் கீழ இருக்குற ஸ்கூல்னு சொல்லி ஹெச்எம்ம எழுந்து நிக்க வெச்சு கேட்டாங்களாம். 32 பேரு இருக்குற எடத்துல ஒரு புள்ள தவறினாலே 3 பர்சன்ட் போயிடுது, 300 பேரு எழுதுற டவுன் ஸ்கூல்ல ஒரு புள்ள தவறினா கண்ணுக்கே தெரியாது, ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல மேலயும் கீழயும் போட்டா அது என்ன நியாயம்னு எனக்குப் புரியல. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் ஜூலை துணைத் தேர்வுல கணக்கு பாஸ் பண்ணிட்டான், அதப்பத்தி மட்டும் யாரும் கேக்கல.

எங்க தெரு முனைக்கு காலையில மெட்ரிக் ஸ்கூல் வேன் வரும். சொந்த நெலம் இருக்கவங்க, கடை வெச்சிருக்கவங்க, வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கவங்க புள்ளைங்க அதுல ஏறிடும். கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) தனியார் ஸ்கூல்ல ஒதுக்குற 25 சதவீத எடத்துல எல்கேஜியிலயே கொஞ்ச பேரு போயிடுறாங்க. அவங்கள நான் குத்தம் சொல்லல, முடிஞ்சா நானும் அனுப்பியிருப்பேனோ என்னமோ. மிச்சம் எங்க ஸ்கூலுக்கு வர்றது பெரும்பாலும் நடவுக்கும் களையெடுக்கவும் போற வீட்டுப் புள்ளைங்க. திருவாரூர் மாவட்டத்துல 2011 கணக்கெடுப்புப்படி நூத்துக்கு 34 பேரு ஆதிதிராவிடர், தமிழ்நாட்டுலயே அதுதான் அதிகம், அதுல நெறைய வீட்டுக்கு நெலம் கெடையாது கூலிதான்னு இங்க பொறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல.

என் பொண்ணு கூடப் படிக்கிற ஒரு புள்ளயப் பத்தி சொல்றேன். புரட்டாசி ஐப்பசியில குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒண்ணா வரும், அந்தப் புள்ளயோட அம்மா விடியக்காலம் அஞ்சு மணிக்கே டாட்டா ஏஸ்ல ஏறிடுவாங்க, இந்தப் புள்ள எழுந்து உலை வெச்சு வடிச்சு, தம்பியக் கெளப்பி தொடக்கப் பள்ளியில விட்டுட்டு வரணும். தம்பிக்கு அங்க காலை டிபன் இருக்கு, 2022-ல கொண்டு வந்தாங்களே அது, நல்ல திட்டம், ஆனா அஞ்சாவதோட நின்னுடுது. அக்கா ஒன்பதாவது, அதனால பழையது இருந்தா குடிக்கும் இல்லன்னா வெறும் வயிறு. சனி ஞாயிறு அதுவும் நாத்துப் பறிக்கப் போகும். ஒரு திங்கக்கெழம நான் ஸ்கூலுக்குப் போனப்ப பரீட்சை எழுதிக்கிட்டு இருந்துச்சு, நகக்கண்ணு பூரா சேறு ஏறி கறுத்துக் கெடக்கு, பேனா புடிக்க முடியாம வெரல வெரல துப்பட்டாவுல தொடச்சுக்கிட்டே எழுதுது. அது காலாண்டுல கணக்குல 41 எடுத்துச்சு. எனக்கு அந்த 41 பெரிய மார்க்கு.

இப்ப நெசமா எழுத வந்த விஷயம். போன மார்ச்ல எங்க ஸ்கூல்ல ஒன்பதாவது படிச்ச ஒரு பையனோட அம்மாவக் கூப்புட்டு, இவன் பத்தாவது தேற மாட்டான், டிசி வாங்கிக்கிட்டு ஐடிஐயில சேத்துடுங்க, எட்டாவது பாஸ் போதும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஐடிஐக்குப் போகல, இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், வயசு பதினாலு. நான் ஹெச்எம் கிட்ட சண்டைக்கே போனேன். அவரு கோவப்படல, "அவன் எழுதி ஃபெயிலானா மீட்டிங்ல நான்தான் பதில் சொல்லணும், அவன் எழுதவே இல்லன்னா யாரும் கேக்க மாட்டாங்கம்மா"ன்னாரு. நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். செண்டம் வாங்குற ஸ்கூலுக்கு ஷீல்டு குடுக்குறீங்க, அந்த செண்டத்துக்காக ஒன்பதாவதுலயே வெளிய அனுப்புன புள்ளைங்க எத்தன பேருன்னு ஒரு தடவையாவது கேளுங்க அய்யா.

கேக்குறதுக்கு புதுசா சர்வே எல்லாம் வேண்டாம். சாதி, வருமானம், அப்பா அம்மா வேலை, அட்டெண்டன்ஸ் எல்லாத்தையும் டீச்சருங்க பாடம் நடத்துற நேரத்துல எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல, ஏத்திக்கிட்டேதானே இருக்காங்க. ஒன்பதாவது சேந்தப்ப எத்தன பேரு, பத்தாவது எழுதுனது எத்தன பேரு, அந்தப் புள்ளைங்க எந்த நெலமையில வந்துச்சுங்க, அக்டோபர்ல யாரு யாரு எத்தன நாள் லீவு, இத பர்சன்டேஜ் பக்கத்துல வெச்சுட்டு அப்புறம் ஹெச்எம்ம நிக்க வைங்க. ஜூன்லேருந்து கணக்கு வாத்தியார் இல்லாம அக்டோபர்லதான் தற்காலிகமா ஒருத்தர போட்டோம், அந்த நாலு மாசத்தையும் சேத்து எழுதிக்குங்க.

சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் ஆறரை வரைக்கும் நடக்குது. நாங்க நாலு அம்மாங்க மொற வெச்சு சுண்டல் அவிச்சுக் கொண்டு போறோம், பருப்பு வாங்க ஊர்ல கேக்குறோம், குடுக்குறாங்க. அதுக்காக உங்க கிட்ட கை நீட்டல, டீச்சருங்களும் எங்களுக்காக ரொம்ப நேரம் இருக்காங்க. லாஸ்ட் பஸ் அஞ்சே முக்காலுக்கே போயிடுது, அத ஒரு மணி நேரம் தள்ளி விடச் சொல்லி நீங்க ஒரு லெட்டர் எழுதுனா பக்கத்து ஊரு பொண்ணுங்களும் இருந்து படிக்கும்.

அந்தப் பையனோட அம்மா கிட்ட நேத்து பேசுனேன். தீவாளிக்கு வந்தப்ப புக்கெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடாத, பரண்ல வையின்னு சொல்லிட்டுப் போனானாம். வர்ற ஜூன்ல நாங்க அவனக் கூட்டிக்கிட்டு வர்றோம். அவன சேத்துக்கலாம், ரிசல்ட் கொறஞ்சாலும் கேக்க மாட்டோம்னு எங்க ஹெச்எம்முக்கு எழுத்துல ஒரு வரி குடுங்க.

இப்படிக்கு,
ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்