உன் ஆறு காசு

சாட்ஸ்வர்த், டர்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கூக்ளி,

ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அக்காவுக்கு முட்டி வலி தேவலை. காவடிக்கு நீ குடும்பத்தோடு வருவாய் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஏமாற்றிவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் விட்டுப்போன உன் பென்னிக் காசுகள் ஆறையும், உன்னைக் கேட்காமல், ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கப்பல் படம் போட்ட அதே காசுகள்தான். கோபப்படுவதற்கு முன்னால் முழுக்கப் படி.

இந்த சீசனில் புது அம்பயர்களோடு ஜோடியாக நிற்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சை பாஸ் செய்துவிட்டு வரும் பிள்ளைகள், சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் பதினொரு பேர் ஒன்றாகக் கத்தும்போது படித்தது எங்கே ஞாபகம் வருகிறது? நேற்று என்னோடு நின்றவளுக்கு 18 வயது.

பத்தாவது ஓவர். மிட் ஆஃப் பக்கம் தட்டிவிட்டு ஓடினார்கள். எறிந்த பந்து அவள் முனையில் நேராக ஸ்டம்பில் பட்டது. அவளோ ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். பக்கவாட்டில் ஓடி, கிரீஸுக்கு நேராக அசையாமல் நின்று பார்த்தால்தானே மட்டை கோட்டைத் தாண்டியதா, கோட்டின் மேலேயே இருந்ததா என்று தெரியும்? கோட்டின் மேல் என்றால் அவுட். அவள் நாட் அவுட் என்றாள். மறுமுனையில் ஸ்கொயர் லெக்கில், மட்டைக்காரனுக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்ற எனக்கும் மட்டை எங்கே இருந்தது என்று தெரியாது. அவள் நின்ற இடம் தப்பு என்பது மட்டும் தெரிந்தது.

ஃபீல்டிங் கேப்டன் கையை விரித்துக்கொண்டு அவளிடம் போனான். நானும் வேகமாகப் போய், எல்லார் காதிலும் விழும்படி, "பக்கவாட்டில போயிருக்கணும்மா" என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன், கூக்ளி. "பாருங்க, உங்க ஆளே சொல்றாரு" என்று அவன் சிரித்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு அப்பீலுக்கும் அவள் கண் முதலில் என்னைத் தேடியது. இரண்டு ஓவரில் பௌலர்களும் அதைக் கண்டுகொண்டார்கள். அவளை விட்டுவிட்டு ஸ்கொயர் லெக்கைப் பார்த்தே கத்த ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளையின் தொப்பியை நானே கழற்றி அவர்கள் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

நான் அங்கே போய் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். தீர்ப்புக்கு எதிர்ப்புக் காட்டினால் முதல் தடவை எச்சரிக்கை, மறுபடியும் என்றால் எதிரணிக்கு ஐந்து ரன். 2017 சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அதைக் கேப்டனிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் அவளிடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

1992 நவம்பரில் நம் டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் டெண்டுல்கர் ரன் அவுட்டானது ஞாபகம் இருக்கிறதா? அம்பயர் மிட்ச்லி தானே சொல்லாமல் டிவி பார்க்கிற அம்பயரிடம் கேட்டார். டெஸ்டில் அதுதான் முதல் தடவை. கேட்பது அவமானம் இல்லை என்று அன்றைக்கு நீதான் என்னோடு சண்டை போட்டாய். ஆனால் எதை, எப்போது கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இவளை எல்லாவற்றுக்கும் கேட்கிறவளாக்கியது நான்.

டிரிங்க்ஸ் இடைவேளையில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. "எப்ப உங்களைப் பார்க்கலாம் அங்கிள், எப்பப் பார்க்கக்கூடாது?" என்று கேட்டாள். எத்தனை நல்ல கேள்வி! ஆள் மறைத்துக் கேட்ச் தெரியாமல் போனால் பார், பந்து தரையில் பட்டு வந்ததா என்று சந்தேகம் வந்தால் பார், நாலாவது பந்துக்கு அப்புறம் தொடையில் இரண்டு விரல் வைப்பேன், இன்னும் இரண்டு பந்து பாக்கி என்று அர்த்தம், அதற்குப் பார், கால்காப்பில் பட்டு எல்.பி.டபிள்யூ கேட்டால் மட்டும் என் பக்கம் திரும்பவே திரும்பாதே என்றேன். பந்து எண்ணுகிற கருவி வேறு சிக்கிக்கொண்டிருந்தது. பந்துக்கு ஒன்றாகக் கை மாற்றி எண்ணட்டும் என்று அப்போதுதான் உன் காசுகளை எடுத்துக் கொடுத்தேன்.

முப்பதாவது ஓவர். கால்காப்பில் பட்டது, மைதானமே கத்தியது. அவள் திரும்பவில்லை. மூச்சை இழுத்து விட்டாள், யோசித்தாள், "நாட் அவுட்." பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதாம், பிறகு சொன்னாள். கேப்டன் வாயைத் திறந்தான். நான் நடந்து போய், அவளுக்கு முதுகையும் அவனுக்கு முகத்தையும் காட்டி நின்றேன். பேசாமல் திரும்பிப் போனான்.

ஆட்டம் முடிந்ததும் காசுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வைத்துக்கொள் என்றுவிட்டேன்.

இப்போது என் கவலையே அடுத்த சனிக்கிழமைதான். அவளுக்கு ஜோடி நம் மீசை அண்ணன். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் குரல் அடுத்த மைதானத்துக்கே கேட்கும். நான் சொன்னால் என்றைக்குக் கேட்டிருக்கிறார்? உன் பேச்சுக்கு மட்டும்தான் அடங்குவார். வியாழனுக்குள் அவருக்கு ஒரு போன் போடு. காசுக்கான சண்டையைக் காவடிக்கு வந்து வைத்துக்கொள்.

உன்,
ஸ்கொயர் லெக்